அப்பா "அடுத்து?"ன்னா பதில் சொல்ற பெட்டி

இதை நான் எழுதல, பேசறேன். ஃபோன் கேட்டு எழுதிக்குது. தமிழ் எழுத்து அம்மா சொல்லிக் குடுத்ததால படிக்க வரும், எழுதினா தப்புத் தப்பா வரும். நான் படிச்சது பெங்காலி ஸ்கூல்ல, அதுவும் எட்டாவது வரைக்கும்தான். அப்புறம் கடை. பேசினா எழுத்தா வருதேன்னு முன்னெல்லாம் வாயைப் பொளந்துட்டுப் பாத்திருக்கேன். இப்ப அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒண்ணைப் பாத்துட்டேன்.

எங்க கடை டாக்குரியா ஸ்டேஷன்ல இறங்கி, பாலத்தை ஒட்டி வர்ற சந்துல இருக்கு. போர்டுல ஒரு பேர் போட்டிருக்கு, யாரும் அதைச் சொல்றதில்ல. "தோஷா தோகான்"தான். இங்க தோசையை தோஷான்னுதான் சொல்வாங்க, தோகான்னா கடை. காலைல லேக்ல நடந்துட்டு வர்றவங்க, அப்புறம் லோக்கல் ட்ரெயின் புடிக்க ஓடறவங்க, சாயங்காலம் கோச்சிங் போற பசங்க. உள்ள நாலு டேபிள்தான். மிச்சப் பேர் வாசல்ல நின்னுட்டே சாப்பிடுவாங்க.

தோசைக்கல்லு சுவத்தைப் பாத்து இருக்கு. புகை போற குழாய் அந்தப் பக்கம்தான் வெக்க முடிஞ்சுது. அதனால அப்பா கடை தொறந்த நாள்ல இருந்து சுவத்தைப் பாத்துத்தான் நிக்கிறாரு. வாசல்ல யார் நிக்கிறா, எத்தனை பேரு, ஒண்ணும் தெரியாது. நான் வாசல்ல ஆர்டர் வாங்கி உள்ள கத்துவேன். நடுவுல, கிரைண்டர் பக்கத்துல, ஒரு ஸ்டூல்ல அம்மா. வெங்காயம் நறுக்கிக்கிட்டே எல்லாத்தையும் காதுல வாங்கி வெச்சுக்குவா. எழுதினதே இல்ல. அப்பா ஒரு தோசையைத் தட்டுல தள்ளிட்டு, திரும்பாமயே "அடுத்து?"ம்பாரு. அம்மா "ரெண்டு மசாலா, ஒண்ணுல வெங்காயம் வேணாம்"பா. திரும்ப "அடுத்து?" "ஊத்தப்பம், நல்லா முறுகலா. அந்த பேங்க் தாதாவுக்கு." தாதான்னா இங்க அண்ணன்.

அப்பா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே கெடையாது. கடைல "அடுத்து?"தான் அம்மா பேரு. வேற ஏதாவது பேசணும்னா தொண்டையைக் கனைப்பாரு. அம்மா "ம், சொல்லுங்க"ம்பா. முட்டி விட்டுப்போகுதுன்னுவாரு. உருளைக்கிழங்கு விக்கிற வெலையைப் பாத்தியான்னுவாரு. உன் தம்பி ஃபோன் பண்ணி ரொம்ப நாளாச்சேன்னு வம்புக்கு இழுப்பாரு. எல்லாத்துக்கும் அதே "ம், சொல்லுங்க"தான். பாதி நேரம் அம்மா கேக்கவே இல்லன்னு எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

போன மழைக்காலத்துல அம்மா காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனா. தலையை வாரிக்கிட்டு, "சாயங்காலச் சட்னிக்குத் தேங்கா எடுத்து வெய்டி"ன்னுட்டு ரிக்‌ஷால ஏறினா. நான் எடுத்து வெச்சேன். அம்மா வரல. அந்தத் தேங்காயை என்ன பண்ணினோம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஞாபகம் வரல.

காரியம் எல்லாம் முடிஞ்சு கடையைத் தொறந்தோம். அப்பா முதல் தோசையைத் தட்டுல தள்ளினாரு. சுவத்தைப் பாத்துக்கிட்டே "அடுத்து?"ன்னாரு. கேட்டதும் அவருக்கே உறைச்சிருச்சு. கரண்டி கைல அப்படியே நிக்குது. நான் வாசல்ல இருந்து ஓடி வந்து "ரெண்டு ப்ளெயின்ப்பா"ன்னேன். அதுக்குள்ள வாசல்ல நின்னவங்க ட்ரெயின் வந்துருச்சுன்னு போயிட்டாங்க.

அதுக்கப்புறம் எல்லாம் மாறி மாறிப் போச்சு. சீட்டு எழுதி சுவத்துல ஒட்டினேன். ஆவில நனைஞ்சு கல்லுலயே விழுந்துச்சு. அப்பா கண்ணாடியைப் போட்டா அதுல ஆவி படியுது, கழட்டினா எழுத்து தெரியல. தினம் லேக்ல நடந்துட்டு நேரா எங்க கடைக்கு வர்ற தாது ஒருத்தர் இருக்காரு. தாதுன்னா இங்க தாத்தா. சக்கரை வியாதி, உருளைக்கிழங்கு ஆகாது. அவருக்கு மசாலா தோசை போயிருச்சு. அவர் தட்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "உங்கம்மா இருந்தா இது நடந்திருக்காதுமா"ன்னு பெங்காலில சொன்னாரு. கோவமா சொல்லல. அதான் தாங்கல.

அப்பா மதுரைல இருக்கிற சித்தப்பாகிட்ட ஃபோன்ல பேசினது எனக்குக் கேட்டுச்சு. "பூஜோ முடியட்டும். சாவியைக் குடுத்துட்டு வந்துடறோம். என்னால முடியலடா." பூஜோன்னா இங்க நவராத்திரி.

சித்தப்பா ஸ்பீக்கர்ல, "சாந்த்ராகாச்சி ஸ்டேஷன்ல இருந்து சென்னை வண்டிக்கு ரெண்டு டிக்கெட் போட்டுடறேன், அங்கருந்து நான் கூட்டிட்டு வந்துக்கறேன்"ன்னாரு.

"ரெண்டா?"ன்னேன் நான்.

"பின்ன, உன்னை ஸ்டேஷன்ல விட்டுட்டா வருவாரு?"ன்னு சித்தப்பா சிரிச்சாரு.

எனக்குச் சிரிப்பு வரல. நான் பொறந்தது இங்க. மதுரைல எனக்குத் தெரிஞ்சவங்க கல்யாண ஃபோட்டோல நிக்கிறவங்க மட்டும்தான். கனவுல கூட எனக்கு பெங்காலிதான் வருது. அம்மா உக்காந்த ஸ்டூலு இங்க இருக்கு. அதை ட்ரெயின்ல ஏத்த முடியுமா?

அந்தச் சமயத்துலதான் மாடி வீட்டு அம்மா, நான் காக்கிமான்னு கூப்பிடறவங்க, மகன்கிட்ட புனேக்குப் போயிட்டாங்க. போகும்போது பழைய லேப்டாப் ஒண்ணும் பேசற பெட்டி ஒண்ணும் என்கிட்ட குடுத்தாங்க. உருண்டையா, ஊத்தப்பம் சைஸ்ல ஒரு ஸ்பீக்கர். பேர் சொல்லிக் கூப்பிட்டா காதைத் தொறக்கும். பாட்டு போடும், மழை வருமான்னு சொல்லும். ஒரு நாள் "இன்னிக்கு மழை வருமா?"ன்னு ஹிந்தில கேட்டேன். வரும்னுச்சு, வந்துச்சு. வானத்துல இருக்கறது இதுக்குத் தெரியுது, அடுத்த தோசை எதுன்னு தெரியாதான்னு எனக்குத் தோணுச்சு. அப்படித்தான் ஆரம்பிச்சுது.

மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவுல கடை மூடியிருக்கும். இந்த ஊர்ல அந்த நேரம் தெரு நாய்கூடத் தூங்கும். அப்பா பெஞ்சுல படுத்திருப்பாரு. நான் அம்மா ஸ்டூல்ல உக்காந்து, மடில லேப்டாப்பை வெச்சுக்கிட்டு, ஃபோன்ல வீடியோ பாப்பேன். ஒரு பெங்காலிக்காரன் சொல்லிக் குடுத்தான். பெட்டிக்குப் புதுசா ஒரு வேலை கத்துக்குடுத்தா அதுக்கு ஸ்கில்னு பேராம். "எல்லாத்தையும் நீ எழுத வேணாம், இதுக்குன்னே ஒரு லைப்ரரி இருக்கு, சும்மா எடுத்துக்கோ"ன்னான். லைப்ரரின்னா பரீட்சைக்குப் படிக்கிறவங்க ஃபேனுக்கு அடியில போய் உக்கார்ற இடம்னுதான் எனக்குத் தெரியும். போகப் போகத்தான் புரிஞ்சுது. அது அரைச்சுப் புளிக்க வெச்ச மாவு மாதிரி. யாரோ ஊற வெச்சு, யாரோ அரைச்சு, உப்பு சரி பாத்து வெச்சுட்டாங்க. நீ வந்து கல்லுல ஊத்தினா போதும்.

யாரு அவங்கன்னு நெனச்சு நெனச்சுப் பாத்தேன். எந்த ஊர்ல உக்காந்து எழுதினாங்களோ. டாக்குரியா பாலத்துப் பக்கம் ஒருத்தி தோசைக் கடைக்கு இதை எடுப்பான்னு அவங்களுக்குத் தெரியுமா? எங்க மாவை யாராவது சும்மா கேட்டா நாங்க குடுப்போமா? நாங்க குடுக்க மாட்டோம், உள்ளதைச் சொல்றேன்.

ஒரு வழியா பெட்டி நான் எழுதினதை முதல் தடவை பேசுச்சு. பெரிசா ஒண்ணும் எழுதல. "கடை தொறந்தாச்சு"ன்னு ஒரே ஒரு வரி. இந்தப் பெட்டிக்குத் தமிழ்ல ஸ்கில் பண்ண வழியில்ல. அதனால ஹிந்தின்னு வெச்சுட்டு, ஹிந்தி எழுத்துல தமிழை எழுதினேன். பெட்டி அதைப் படிச்சுது. அப்பா பெஞ்சுல கண்ணை மூடினபடியே, "யாரு பாப்பா அது? கோயமுத்தூர்ல மருமகளா வந்த சேட்டு வீட்டுப் பொண்ணு மாதிரி பேசுது?"ன்னாரு. அம்மா போனதுக்கப்புறம் அவர் கிண்டல் பண்ணினது அன்னிக்குத்தான்.

இப்ப பெரிய ஆச்சரியத்துக்கு வர்றேன். அந்த லைப்ரரில ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆளை எழுதி வெக்கணும். ஆளுன்னா நிஜ ஆள் இல்ல, நாலஞ்சு வரி. அந்த ஆளுக்கு ரெண்டே பாகம்தான். முதல் பாகத்துல லைப்ரரி அதுகிட்ட, "இந்த மாதிரி ஒண்ணு வந்திருக்கு, உன்னால ஆகுமா?"ன்னு கேக்கும். அது ஆகும், இல்ல ஆகாதுன்னு சொல்லணும். ஆகும்னு சொன்னா ரெண்டாவது பாகம், செஞ்சு காட்டணும். ஆகாதுன்னா லைப்ரரி கோவப்படாது, அடுத்த ஆள்கிட்ட போகும். அதுவும் ஆகாதுன்னா அதுக்கு அடுத்த ஆளு. வரிசையா, பொறுமையா.

அதைப் புரிஞ்சுக்கிட்ட மத்தியானம் லேப்டாப்பை மூடிட்டுக் கடையைச் சுத்திப் பாத்தேன். இது எங்க கடைடா! வாசல்ல ஒருத்தர் ஏதாவது கேப்பாரு. நான் பாப்பேன், என் வேலைன்னா செய்வேன். இல்லன்னா உள்ள கத்துவேன், அப்பா வேலைன்னா அப்பா செய்வாரு. ரெண்டு பேராலயும் ஆகாதது எல்லாம் அம்மாகிட்ட போகும். சில்லறை இல்ல, சாம்பார்ல உப்பு ஜாஸ்தி, கொழந்தை வாந்தி எடுத்துருச்சு, தாதுவுக்கு மயக்கமா வருது. எங்கயோ கம்ப்யூட்டர் படிச்சவங்க யோசிச்சு யோசிச்சுக் கண்டுபுடிச்ச வழியும், பாலத்துப் பக்கம் மூணு பேரு கத்திக் கத்திக் கண்டுபுடிச்ச வழியும் ஒண்ணா இருக்கே.

அதனால நானும் அப்படியே எழுதினேன். ஆர்டரைச் சேத்துக்க ஒரு ஆளு. அப்பா "அடுத்து?"ன்னா வரிசைல முதல்ல இருக்கறதைச் சொல்ல ஒரு ஆளு. தப்பா சொல்லிட்டா அழிக்க ஒரு ஆளு. கடை மூட ஒரு ஆளு. அப்புறம் அம்மா. எது வந்தாலும் ஆகும்னு சொல்ற ஆளு. அதோட பதில் என்னன்னு நான் யோசிக்கவே இல்ல, கை தானா எழுதிருச்சு. "ம், சொல்லுங்க."

அம்மா குரல் என் ஃபோன்ல நிறைய இருக்கு. மார்க்கெட்டுக்குப் போனா வாய்ஸ் மெசேஜா அனுப்பிட்டே இருப்பா. அதையே பெட்டிக்குப் போடலாம்னு அந்த வீடியோக்காரன் இன்னொரு வீடியோல சொன்னான். ஒரு தடவை கேட்டுப் பாத்தேன். "கரியாஹாட்ல கொத்தமல்லி நல்லாவே இல்லடி"ன்னா அம்மா. ஃபோனை அமுக்கி வெச்சுட்டேன். அந்தக் குரலு அம்மாவோடது. பெட்டிக்கு அதோட குரலே போதும்.

எல்லாத்தையும் எழுதினப்புறம் லைப்ரரிகிட்ட ஆளுங்களை ஒவ்வொண்ணா ஒப்படைக்கணும். யாரு முதல்ல, யாரு அடுத்ததுன்னு. நான் யோசிக்காம அம்மாவை முதல்ல வெச்சேன். பத்திரிகை அடிச்சா பெரியவங்க பேரு மேலதான் வரும். ஊர்ல இருந்து துணி வந்தா முதல் புடவை அம்மாவுக்குத்தான். முதல்ல அம்மாவை வெக்காம வேற யாரை வெக்கறது?

இன்னொரு சிக்கலும் இருந்துச்சு. அப்பா பெட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன்னுட்டாரு.

"பொம்பளப் பேரா இருக்கு. நான் கூப்பிட மாட்டேன்."

"அது மிஷின்ப்பா."

"இருக்கட்டும். உங்கம்மாவையே நான்..." அதோட நிறுத்திட்டாரு.

அதுக்கும் லைப்ரரில வழி இருந்துச்சு. பதில் சொன்னப்புறமும் கொஞ்ச நேரம் காதைத் தொறந்தே வெச்சுக்கோன்னு சொல்லலாம். கூட்ட நேரத்துல நான் பேர் சொல்லி, ஸ்கில்லைத் தொறந்து ஆர்டர் சொல்லுவேன், காது தொறந்திருக்கும், அப்பா வெறும் "அடுத்து?"ன்னா போதும். கூப்பிடற வேலை என்னோடது.

ஒரு நாள் காலைல பெட்டியைக் கல்லுக்குப் பக்கத்து அலமாரில வெச்சேன். தாது வந்து நின்னாரு, கூட நாலஞ்சு பேரு. நான் பேர் சொல்லித் தொறந்து "ஒரு ப்ளெயின்"ன்னேன்.

பெட்டி, "ம், சொல்லுங்க"ன்னுச்சு.

திரும்ப "ஒரு ப்ளெயின்"ன்னேன். "ம், சொல்லுங்க."

அப்பா விஷயம் தெரியாம தோசையைத் தள்ளிட்டு "அடுத்து?"ன்னாரு. பெட்டி அவருக்கும் "ம், சொல்லுங்க"ன்னுச்சு.

அப்பா திரும்பினாரு. கல்லு முன்னாடி நிக்கிறப்ப அப்பா திரும்பினதை நான் பாத்ததே இல்ல. அம்மா போன நாள்ல ஆஸ்பத்திரில இருந்து ஃபோன் வந்தப்பகூட சுவத்தைப் பாத்துட்டேதான் பேசினாரு. அன்னிக்கு முழுசாத் திரும்பி, பெட்டியைப் பாக்கல, ஸ்டூலைப் பாத்தாரு. ஸ்டூல் மேல வெங்காயக் கூடை இருந்துச்சு. பின்னாடி கல்லுல தோசை கருகுது.

"காக்கூ, புடே கேலோ!"ன்னு வாசல்ல இருந்து ஒருத்தர் கத்தினாரு. அங்கிள், கருகுதுன்னு சொல்றாராம். அப்பாவுக்குக் காதுல விழல. தாதுதான் மெதுவா, "விடுப்பா, எனக்கு அவசரம் இல்ல"ன்னாரு.

அப்பா கருகினதைச் சுரண்டிப் போட்டுட்டு, என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "அந்த வார்த்தையை யாரு சொல்லிக் குடுத்தது அதுக்கு?"

"நான்தான்ப்பா."

நான் பெட்டியைக் கழட்டி எடுத்துட்டேன். இதோட முடிஞ்சுது, டிக்கெட்டுதான்னு நெனச்சேன்.

மத்தியானம் ஸ்டூல்ல உக்காந்து எழுதினதைத் திரும்பத் திரும்பப் பாத்தேன். எழுத்து எல்லாம் சரியா இருக்கு. ஒவ்வொரு வரியாப் பாத்தேன். அப்புறம்தான் தட்டுப்பட்டுது. லைப்ரரி முதல் ஆள்கிட்ட போகுது. முதல்ல அம்மா. "ஆகுமா?" "ஆகும்." அதுக்கப்புறம் அது ஏன் வேற யாரையும் கேக்கணும்? ஆர்டர் சேக்கற ஆளு, அடுத்ததைச் சொல்ற ஆளு, எல்லாம் பின்னாடி சும்மா நிக்குது. அம்மாவை முன்னாடி வெச்சா கடையே ஓடாது.

அம்மா இருந்தப்ப அவ எங்க இருந்தா? எங்களால ஆகாததுக்கு எல்லாம் பின்னாடி இருந்தா. மரியாதைன்னு நான் முன்னாடி கொண்டுவந்து நிறுத்தினது, அம்மா நின்ன இடமே இல்ல. அந்த ஒரு வரியை வெட்டி எடுத்து கடைசில ஒட்டினேன். வெட்டினப்ப கண்ணு முட்டிக்கிட்டு வந்துச்சு. ஒட்டினப்ப என்னமோ சரியா உக்காந்த மாதிரி இருந்துச்சு. கிரைண்டர்ல கல்லைத் தூக்கி வெச்சா டொக்குன்னு உக்காருமே, அது மாதிரி.

அடுத்த நாள் அப்பாவைக் கேக்காமயே பெட்டியைத் திரும்ப வெச்சேன். "இன்னொரு தடவைப்பா. கருகினா கழட்டிடறேன்."

"கருகினா நீதான் திங்கணும்"ன்னாரு.

கருகல. நான் தொறந்து சொன்னேன், பெட்டி வாங்கிக்குச்சு. அப்பா "அடுத்து?"ன்னாரு. "ரெண்டு மசாலா"ன்னுச்சு. அப்பா கை ஒரு நொடி நின்னுச்சு, அப்புறம் மாவை ஊத்திருச்சு. தாதுவோடதுக்கு நான் தனியா எழுதி வெச்சிருந்தேன். அவர் ஆர்டர் வந்தா கூடவே "உருளைக்கிழங்கு வேணாம்"னு சொல்லும். அவர் வாசல்லயே அதைக் கேட்டுட்டு, "அட, இதுக்கு என் சக்கரையும் தெரியுமா!"ன்னு எல்லாரையும் பாத்து சிரிச்சாரு.

பூஜோ வந்துச்சு. பந்தல் பாக்கப் போறவங்க, பாத்துட்டு வர்றவங்க, புது டிரஸ்ஸுல சாம்பாரைக் கொட்டிக்கிட்டு அழற கொழந்தைங்க, வெளிய டாக் மேளம். அந்தச் சத்தத்துல நான் பெட்டி பக்கத்துல வந்து நின்னுதான் ஆர்டர் சொன்னேன். இருந்தாலும் பெட்டிக்கு சிலது புரியல. அப்ப கடைசி ஆளு வந்து "ம், சொல்லுங்க"ம்பா. அப்பா அதட்டாம, பொறுமையாத் திரும்ப "அடுத்து?"ம்பாரு. ஆர்டர் ஒண்ணு ரெண்டு தப்பாச்சு, அம்மா இருந்தப்பவும் ஆகும். கடை நிக்கல. எட்டாவது படிச்ச நானு, முகம் தெரியாத யாரோ அரைச்சு வெச்ச மாவுல, இவ்வளவு பெரிய கூட்டத்துக்குத் தோசை ஊத்திட்டேன்னு நெனச்சுக்கிட்டே ஓடினேன்.

தாக்கூரை, அதான் சாமி சிலையை, ஆத்துல கரைச்ச மறுநாள் தெரு காலியா இருந்துச்சு. பந்தல் மூங்கிலை அவுத்துக்கிட்டிருந்தாங்க. பூஜோ முடிஞ்சுது. சித்தப்பாவுக்கு அப்பா என்ன சொல்லப்போறாருன்னு எனக்குத் தெரியல, கேக்கவும் பயம். சாயங்காலம் வாசல்ல ஒரு ஆளும் இல்ல. பெட்டி காதை மூடிக்கிட்டு இருந்துச்சு. அப்பா கல்லைத் துடைச்சுக்கிட்டே, சுவத்தைப் பாத்துக்கிட்டே, தொண்டையைக் கனைச்சாரு.

"பாப்பா."

"என்னப்பா?"

"அதைக் கூப்பிடு."

"ஆர்டர் ஒண்ணும் இல்லயேப்பா."

"கூப்பிடுன்னா கூப்பிடேன்."

நான் பேர் சொல்லித் தொறந்து வெச்சேன். பெட்டி மேல நீல வெளிச்சம் வட்டமா வந்துச்சு. டேபிள் துடைக்கிற மாதிரி வாசப்பக்கம் நகந்துட்டேன். ஆனா நாலு டேபிள் கடைல எது கேக்காம இருக்கும்?

அப்பா மெதுவா, "என் தம்பிகிட்ட டிக்கெட்டு வேணாம்னு சொல்லிட்டேன்"ன்னாரு.

உள்ள லைப்ரரி ஒவ்வொரு ஆளாக் கேட்டிருக்கும். ஆர்டர் சேக்கற ஆளு ஆகாதுன்னிருக்கும். அடுத்ததைச் சொல்ற ஆளு ஆகாதுன்னிருக்கும். அழிக்கிறது, மூடறது, எல்லாம் ஆகாதுன்னிருக்கும். வரிசைல கடைசி வரைக்கும் போய் நின்னிருக்கும்.

"ம், சொல்லுங்க"ன்னுச்சு.

"முட்டி வலி ஜாஸ்தியாத்தான் இருக்கு"ன்னாரு அப்பா.